கிண்ணத்துக்குள் ஒரு குண்டு

1979இல் சைதாப்பேட்டையில் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினான்கு வயது. முதல் ஆறு மாதம் ஸ்பேனரைத் தொடவிடவில்லை. கிரீஸ் கன் மட்டும்தான் என் வேலை. காலையில் வரிசையாக வந்து நிற்கும் டாக்சி அம்பாசடர்களுக்கும் ஃபியட்டுகளுக்கும் அடியில் படுத்து, கிங்பின் நிப்பிள்களைத் துணியால் துடைத்து, கன்னைப் பொருத்தி அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பதற்கு ஷெட் முதலாளி பாய் ஓர் அளவு வைத்திருந்தார். முதலில் கறுப்பாக வெளியே வரும். அப்புறம் கறுப்பும் மஞ்சளும் கலந்து வரும். கடைசியில் சுத்த மஞ்சள். “மஞ்சளைக் கண்ணால பாக்குற வரைக்கும் கன்னை எடுக்காதேடா” என்பார். நிப்பிளைத் துடைக்காமல் அழுத்தினால் வெளியே ஒட்டியிருந்த மண்ணை நாமே உள்ளே தள்ளிவிடுகிறோம். அப்படிச் செய்ததற்காக ஒருநாள் என் காதைத் திருகினார்.

அந்தக் கால வண்டிகளின் முன்சக்கரம் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளையைச் சுற்றித் திரும்பும். கதவுக் கீல் மாதிரிதான். கீலுக்கு ஒரே அசைவுதான் தெரியும். சக்கரத்தை இடமும் வலமும் திருப்ப அது போதும். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்க வேறு இடத்தில் வேறு பின்கள், வேறு புஷ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிப்பிள்.

பால் ஜாயிண்ட் இந்த இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் முடித்துவிடுகிறது. ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவியின் உருண்ட அடி குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுற்றலாம், எந்தப் பக்கமும் சாய்க்கலாம். அந்தக் குழவி வெளியே வந்துவிடாதபடி குழியின் வாயைச் சுருக்கிவிட்டால் அதுதான் பால் ஜாயிண்ட். நம் இடுப்பில் தொடை எலும்பு சேரும் இடமும் இதே அமைப்புதான். பந்துக் கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

நான் முதன்முதலில் அதைக் கையில் பிடித்தது நம் ஊர்ப் பக்கமே செய்த ஒரு வண்டியில். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் ஆலையில் 1961லிருந்து செய்தார்கள். அதன் முன்சக்கரத்துக்கு மேலே பால் ஜாயிண்ட், கீழே டிரன்னியன். டிரன்னியன் என்பது உள்ளே மரை வெட்டிய ஒரு பித்தளைக் கட்டை. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை அதில் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மரையிலேயே சுற்றும். அதற்கு விட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். ஆனால் கிரீஸ் கன்னைப் பிடித்தவனுக்கு எந்த நிப்பிளும் கிரீஸ் நிப்பிளாகத்தான் தெரியும். ஒரு டாக்டரின் ஹெரால்டுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் வரும்வரை அழுத்திவிட்டு எழுந்து நின்றேன்.

பாய் அன்றைக்குத் திட்டவில்லை. இரண்டு பக்கமும் கழற்றச் சொல்லி, மண்ணெண்ணெயில் கழுவச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஆயில் விடவைத்தார். பிறகு பழைய பிஸ்கட் டின் ஒன்றிலிருந்து ஒரு முறிந்த தண்டை எடுத்துக் கொடுத்தார். முறிந்த முகத்தில் பாதி, துருவேறிச் செம்பழுப்பாக இருந்தது. மறுபாதி புது இரும்பாகப் பளபளத்தது. “கிரீஸ் மரை அடிவரைக்கும் போகாதுடா. உள்ள தண்ணி நிக்கும், துரு அரிக்கும். இந்தப் பாதி எப்பவோ முறிஞ்சு போச்சு. மீதிப் பாதியிலதான் இவ்ளோ நாள் ஓடியிருக்கான்” என்றார். அந்தச் செம்பழுப்பு முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எங்கள் ஷெட்டுக்கு ஒன்று வந்து சேர இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. பாய் தானே படுத்து அடியில் போனார். வெகு நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: “நிப்பிள் எங்கடா இருக்கு?” இல்லவே இல்லை. சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நுனியில் ஒரு கறுப்பு ரப்பர் உறை; அதற்குள் பால் ஜாயிண்ட். அவ்வளவுதான்.

பழையது ஒன்றை வாளால் அறுத்துப் பார்த்துத்தான் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டோம். வழவழவென்று மெருகேற்றிய எஃகுக் குண்டு. அதைச் சுற்றி இரும்பு இல்லை, கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம். குண்டு அதில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஆலையிலேயே நிரப்பிய கொஞ்சம் கிரீஸ், நகத்தில் அள்ளினால் தீர்ந்துவிடும் அளவு. மேலே ரப்பர் உறை, அதன் இரண்டு வாயையும் பிடித்திருக்கும் கம்பி வளையம். உள்ளே வைத்த அந்தக் கிரீஸ்தான் அதன் ஆயுசு முழுவதற்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சேர்க்க வழியில்லை. கிங்பின்னில் மண் புகுந்தாலும் அடுத்த முறை கிரீஸ் அடிக்கும்போது வெளியே தள்ளிவிடலாம். இதில் ஒரு முறை புகுந்தது புகுந்ததுதான்.

அதனால்தான் பால் ஜாயிண்ட் பராமரிப்பு என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் உறையைத்தான் காட்டுவேன். உறை முழுதாக இருக்கும்வரை உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இறுக்கம் குறையாத பால் ஜாயிண்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். உறை கிழிந்துவிட்டால் கதை வேறு. மழைத் தண்ணீர் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகும். சாலைத் தூசி உள்ளே போய் உப்புக் காகிதம் போல் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தேய்க்கும். குண்டு துருப்பிடித்துச் சொரசொரப்பாகி மேலும் தேய்க்கும். ஒரு மழைக்காலம் போதும். கல் பட்டுக் கிழியும். எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி ரப்பர் ஊதிப் போகும். வாட்டர் வாஷில் குழாயை ஒட்டிப் பிடித்து அடித்தால் உறையின் வாய் வளையத்தை விட்டு விலகும். எங்கள் ஷெட்டில் ஒரு பையன் கிரீஸ் நிரப்பிய சிரிஞ்சு ஊசியை உறைக்குள் குத்தி ஏற்றுவதைப் பெரிய வித்தையாகச் செய்துகொண்டிருந்தான். நான் அதை நிறுத்தினேன். காப்பாற்ற வேண்டிய உறையில் ஓட்டை போட்டுவிட்டு உள்ளே எதை ஏற்றி என்ன பயன்?

1996இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அப்போது பாய் ஓய்வெடுத்துக்கொண்டு ஷெட்டை என்னிடம் விட்டிருந்தார். ஒரு பள்ளித் தலைமையாசிரியை தன் மாருதி 800ஐக் கொண்டுவந்தார். ஸ்பீடு பிரேக்கரில் இடப்பக்கம் டொக்கென்று சத்தம். ஓட்டிப் பார்த்தேன். அந்த வண்டியில் முன்பக்க ஸ்டெபிலைசர் கம்பி கீழ் ஆர்மைத் துளைத்துக்கொண்டு போகும். அந்த இடத்து ரப்பர் புஷ் தேய்ந்தாலும் இதே டொக்குதான் கேட்கும். பார்த்தேன், புஷ் தேய்ந்திருந்தது. மாற்றினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. மாலை மங்கிவிட்டது, பின்னால் மூன்று வண்டிகள் நின்றன. “சரியாயிடுச்சு டீச்சர்” என்று சாவியைக் கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் கத்திப்பாரா ரவுண்டானாவில், மேம்பாலம் வருவதற்கு முன்பு நேரு சிலையைச் சுற்றிப் போன அந்த வளைவில், இடது முன்சக்கரம் மடங்கியது. குண்டு கிண்ணத்தை விட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டது. சக்கரத்தின் அடிப்பக்கம் பிடிப்பில்லாமல் வெளியே விரிந்து, டிரைவ் ஷாஃப்ட் கழன்று, மட்கார்டு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டது. திரும்பும் வேகம்தான் என்பதால் யாருக்கும் அடியில்லை. பின்சீட்டில் டீச்சருடைய வயதான அம்மா இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் சத்தம் போடவில்லை. “பாத்துட்டேன்னு சொன்னியே தம்பி” என்றார். என்னிடம் பதில் இல்லை. அதே வண்டி பல்லாவரம் தாண்டி 80இல் போயிருந்தால் என்று நினைக்காத இரவு அந்த வருடம் குறைவு.

கழற்றிப் பார்த்தேன். உறை எஞ்சினைப் பார்த்த பக்கத்தில் ஒரு மடிப்போடு மடிப்பாக, இரண்டு விரல் நீளம் கிழிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் முழு உறை. உள்ளே கிரீஸ் என்று ஒன்றுமில்லை, துருத் தண்ணீர் காய்ந்த செம்பொடிதான். புஷ் தேய்ந்திருந்ததும் உண்மை, பால் ஜாயிண்ட் போயிருந்ததும் உண்மை. ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்தியதுதான் நான் செய்த தப்பு. வேலை முழுவதையும் என் செலவில் முடித்துக் கொடுத்தேன். பிறகு பாய் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “சக்கரத்தைத் தூக்கிக் கை வச்சுப் பாத்தியா, காது மட்டும் வச்சுப் பாத்தியா?”

அன்றிலிருந்து முன்பக்கச் சத்தம் என்று வந்த எந்த வண்டியும் சக்கரத்தைத் தூக்காமல் என் ஷெட்டை விட்டுப் போனதில்லை. தூக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாருதி முதல் இன்றைய சின்ன வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். வண்டியின் எடை மேலே பானெட்டுக்கு அடியிலிருந்து ஸ்பிரிங் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. கீழ் பால் ஜாயிண்ட் எடையைச் சுமப்பதில்லை, சக்கரத்தின் அடியை விலகாமல் பிடித்துவைக்கிறது. இந்த வண்டிகளைப் பாடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். மேலொன்று கீழொன்று என்று இரண்டு ஆர்ம் இருந்து, ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய வண்டிகளில் எடை முழுவதும் கீழ் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் போகிறது. அவற்றைப் பாடியில் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். செத்த ஜாயிண்ட்கூட இறுக்கமாக இருப்பதுபோல் நடிக்கும். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியிலேயே கொடுத்துத் தூக்கினால்தான் ஆட்டம் தெரியும். அனுபவமுள்ளவர்களே இந்த இடத்தில் ஏமாந்து, நல்ல மேல் ஜாயிண்ட்டை மாற்றிவிட்டுக் கெட்ட கீழ் ஜாயிண்ட்டை விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பின்சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கிக்குத் துணையாக ஸ்டாண்டு, பிறகுதான் கை. சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை, உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். டக்கென்று ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒரு பையனை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். மிதித்தும் நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம் போங்கள். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராடு எண்டு. அதுவும் குண்டும் கிண்ணமும்தான், அதற்கும் இதே உறை. அடுத்து, கீழ் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் இடையில் லீவரைக் கொடுத்து மெதுவாக நெம்பி, இடைவெளியில் கண்ணை வையுங்கள். நல்ல ஜாயிண்டில் அங்கே மேலும் கீழும் அசைவே தெரியக் கூடாது. கடைசியாக உறை. துணியால் துடைத்து, இரண்டு விரலால் மெல்ல அழுத்தி, ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கத்தைப் பார்க்க முகம் மழிக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை 1996லிருந்து கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஓட்டுகிறவர்களுக்கும் அது சேதி சொல்லிக்கொண்டேதான் இருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் டொக்கு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எண்ணெய் காணாத கீல் போல ஒரு முனகல். திருப்பிவிட்டு விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில் ஒரு சோம்பல். நேர்ச் சாலையில் வண்டி இங்குமங்கும் அலைவது. முன் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்வது. என் கையில் வந்தவற்றில் இடப்பக்க ஜாயிண்ட்தான் முதலில் போயிருக்கும். நாம் சாலையின் இடது ஓரத்தை ஒட்டிப் போகிறோம். உடைந்த தார் விளிம்பும், தேங்கிய தண்ணீரும், மூடி அமுங்கிய பாதாளச் சாக்கடையும் அந்தப் பக்கம்தான்.

மாற்றுகிற வேலையைப் பற்றித் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்குச் சில வார்த்தை. தண்டு கூம்பாக இருக்கும் வகையில் நட்டைக் கழற்றிய பிறகும் அது பிடித்துக்கொண்டுதான் நிற்கும். தண்டின் மரைமேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். தண்டு நுழையும் கண் இருக்கும் இரும்பின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் ஒரே போடு போட்டால் சோழி உதிர்வதுபோல் விழும். புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. பிளவு நாக்கு லீவரைச் செருகி அடித்தால் உறை நிச்சயம் கிழியும். தூக்கி எறியப்போகும் ஜாயிண்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். புதிதை மாட்டும்போது கூம்பையும் கண்ணையும் காய்ந்த துணியால் துடையுங்கள், எண்ணெய்ப் பசை கூடாது. நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றினால் கீழிருந்து ஜாக்கியால் லேசாகத் தூக்கிக்கொடுங்கள், கூம்பு உட்கார்ந்துவிடும். ஸ்பிலிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் துளையைப் பிடிக்க வேண்டும். தளர்த்திப் பிடிக்கக் கூடவே கூடாது. பழைய ஸ்பிலிட் பின்னும் பழைய நைலாக் நட்டும் குப்பைக்கு. ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் காலில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நின்று, சில மாதத்தில் கிழியும். அப்புறம் வீல் அலைன்மெண்ட். அதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பால் ஜாயிண்ட் வாங்கும்போது டப்பாவை நம்பாமல் கையை நம்புவது என் பழக்கம். தண்டைப் பிடித்து எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுற்றுவேன். ஒரே சீரான இறுக்கம் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் இளகி ஓர் இடத்தில் தடுக்கினால் வேண்டாம். கொடகொடவென்று ஆடினால் வேண்டவே வேண்டாம். ஆட்டம் கண்ட பழைய ஜாயிண்டின் அடியில் வெல்டு வைத்து இறுக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். வெல்டு சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உருகிப்போகும், குண்டின் கடினமும் போகும். காசு மிச்சம் என்று அதற்குச் சம்மதிக்காதீர்கள். சம்மதித்த ஒருவரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், அவர் அதன்பின் என் ஷெட்டுக்கு வரவில்லை. அதற்கு வருத்தமில்லை.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது சைதாப்பேட்டையில் எங்கள் தெருவும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு வந்த வண்டிகளில் எல்லோரும் எஞ்சினைப் பற்றியும் ஒயரிங்கைப் பற்றியும் சீட்டு நாற்றத்தைப் பற்றியும்தான் கேட்டார்கள். அடுத்த சில மாதங்களில் முன்பக்கச் சத்தம் என்று அதே வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த வருடம் போல் பால் ஜாயிண்ட் நான் வேறு எந்த வருடமும் மாற்றியதில்லை. கழற்றியவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உறையில் எங்காவது ஒரு பழைய கீறல் இருந்தது. உறை முழுதாக இருந்த வண்டிகள் அதே தெருவில், அதே தண்ணீரில் நின்று, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த முறை பஞ்சருக்கோ டயர் மாற்றவோ முன்சக்கரத்தைக் கழற்றும்போது ஐந்து நிமிடம் கூட நில்லுங்கள். செல்போன் டார்ச்சை அடித்து, கீழ் ஆர்மின் நுனியில் இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் உறையைச் சுற்றிலும் பாருங்கள். மடிப்பில் கிரீஸ் கசிந்து மண் அப்பியிருந்தால் ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, வண்டியை மெதுவாக ஷெட்டுக்கு ஓட்டிப் போங்கள்.